கருப்பர் வாசலில் பாலைவனத்து அடி

எங்க வீட்டுக்காரரு சேவுகப்பெருமாளுக்குக் கை ரெண்டும் ஒரு இடத்துல இருக்காது. சோத்தைப் போட்டா தட்டுல தட்டுவாரு, பஸ்ஸுல ஏறுனா முன்சீட்டுக் கம்பியில தட்டுவாரு. கல்லல்ல இருந்து காரைக்குடி போறதுக்குள்ள முன்னால உக்காந்திருக்கிற பொம்பளை திரும்பித் திரும்பி என்னைத்தான் முறைப்பா. நான் ஜன்னல் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிருவேன்.

எல்லாம் ராஜஸ்தானுக்குப் போயிட்டு வந்த பிறகு பிடிச்ச சனி. விசேசம் இருந்தா நையாண்டி மேளத்துல உறுமி வாசிப்பாரு, இல்லாட்டி வயக்காடு. ஏதோ கலைவிழான்னு மேளக்காரகளை எல்லாம் ரயிலேத்தி ஜெய்சல்மேர்ப் பக்கம் கூட்டிட்டுப் போனாக. அங்க பெரிய தலைப்பா கட்டின ஆளுக மணல்மேல சம்மணம் போட்டுப் பாடுனாகளாம். ஒரு ஆளு கையில பட்டையாச் சீவின வெறும் மரத்துண்டு, கைக்கு ரெண்டு. நம்மூரு சிப்ளாக்கட்டைக்காச்சும் சலங்கை இருக்கு, அதுல அதுவும் கிடையாது. அத வச்சுக்கிட்டுக் கோடை மழையாக் கொட்டுனானாம். கருப்புப் பாவாடை கட்டின பொம்பளைக அதுக்குச் சுத்து சுத்துன்னு சுத்துனாகளாம். இவருக்கு அவன் பாசை தெரியாது, அவனுக்கு இவரு பாசை தெரியாது. ஒரு டீ குடிக்கிறதுக்குள்ள சிநேகிதமாகி, அவன் தன் பட்டையவே தூக்கிக் குடுத்துட்டான். எந்த மகராசனோ, வினைய என் வீட்டுக்குல்ல அனுப்பிட்டான்.

அன்னையில இருந்து விடியுமுன்ன டக்கடக்கடக்குன்னு ஆரம்பிச்சிருவாரு. அடுப்படியில தேங்காய் துருவினா என் கையும் அதே ஓட்டத்துல போகும். எரிச்சலா வரும். உறுமிய எடுத்துப் பழகுனாலும் ஒரு அர்த்தம் இருக்குன்னு வைவேன். இருடி, இந்த அடியில ஒரு முடிச்சு இருக்கு, அவுக்கவே வரலைம்பாரு. ஒழுங்காச் சாப்பிடுறதும் இல்லை, தூங்குறதும் இல்லை.

எனக்கோ வேற கவலை. மாசிப் படைப்பு நெருங்குது. கண்மாய்க்கரையில இருக்கிற எங்க பொறந்த வீட்டுக் கருப்பருக்கு எங்க அப்பாதான் சாமியாடி. போன வருசம் தவறிட்டாரு. இப்ப என் தம்பி மலையாண்டி அருவாள் எடுத்து ஆடணும். கரண்டாபீஸ்ல வயர்மேன், அதிர்ந்து பேசத் தெரியாத பய. எங்க வழக்கம் என்னன்னா, படைப்புச் சோத்தைக் குவிச்சிட்டு உறுமிய இழுப்பாக. உறுமி எங்க வீட்டுக்காரருதான், அந்த உறுமலுக்குச் சாமி இறங்கணும். சோத்துல ஆவி அடங்குறதுக்குள்ள இறங்கலேன்னா அருவாள் பங்காளி பெத்தன் வீட்டுக்குப் போயிரும். போனா போனதுதான், திரும்பாது. வயர்மேனுக்குக் கரண்டு வேணா வரும், கருப்பரு வருவாரான்னு அவுக வீட்டுல கேலி வேற.

அதனால படைப்பு அன்னைக்கு அந்தப் பட்டைய நானே பிடுங்கி அரிசிப் பானைக்குள்ள போட்டு மூடிட்டுத்தான் கிளம்பினேன்.

உச்சிப்பொழுது. ஆவி பறக்குது. மலையாண்டி ஈர வேட்டியோட கண்ணை மூடி நிக்கிறான். எங்க வீட்டுக்காரரு வளைகுச்சிய உறுமித் தோலு மேல வச்சு இழுத்தாரு. நல்லாத்தான் இழுத்தாரு, எனக்கே மேலு சிலுத்துச்சு. அப்புறம் மறுபக்கம் அடிக்கிற கை நழுவிருச்சு. டக்கடக்கடக்கு. நிறுத்தினாரு, திரும்ப எடுத்தாரு, திரும்பவும் அங்குட்டே ஓடுது. தம்பி நட்ட கல்லாட்டம் நிக்கிறான். சனம் முணுமுணுக்குது. பெத்தன் அருவாள் பக்கம் நகந்துட்டாரு.

தம்பி கண்ணைத் திறந்தான். "மச்சான், நம்ம அடிய அடிங்க மச்சான்." குரல்ல அழுகை.

இவரு என்னைப் பாத்தாரு. "வரமாட்டேங்குது பாண்டீஸ்வரி." கை மட்டும் நிக்கலை.

பாவி மனுசா, என் தம்பி மானத்தை வாங்கிட்டியேன்னு வைய வாயெடுத்தேன். அதுக்குள்ள காலு எந்திரிச்சிருச்சு. கொண்டை அவுந்தது தெரியும். கட்டிக் குடுத்த பொண்ணுக்குப் பொறந்த வீட்டுச் சாமி இறங்காதேன்னு யாரோ சொன்னதும் காதுல விழுந்துச்சு. இவரு அடியைக் கூட்டக் கூட்ட நான் சுத்துறேன். எத்தனை நாளு தேங்காய் துருவுன அடி, எனக்கு அத்துப்படியில்ல. பெத்தனைத் தள்ளிட்டு அருவாளைத் தூக்கிக் கொண்டுபோயி மலையாண்டி கையில வச்சு அழுத்தினேன். அவன் பிடிச்ச பிடியில உடம்பு உதறி ஆட ஆரம்பிச்சான். அப்பத்தான் உறுமி பழையபடி உறுமுச்சு. பொம்பளைக குலவை போட்டாக. சோத்துல ஆவி இன்னும் இருந்துச்சு. பெத்தனும் வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாரு, அப்பாவை விட மூத்த மனுசன்.

சாயங்காலம் இலை எடுக்கையில மலையாண்டி மெதுவாக் கிட்ட வந்தான்.

"அக்கா, அருவாளைக் குடுத்தது கருப்பரா, நீயா?"

"கருப்பர்தாண்டா" ன்னேன். அவன் நிம்மதியாப் போயிட்டான்.

எங்க வீட்டுக்காரருக்கு அந்த முடிச்சு அவுந்துருச்சாம். நல்லாச் சாப்பிடுறாரு, நல்லாத் தூங்குறாரு, பட்டை பானைக்குள்ளயே கிடக்கு. எனக்குத்தான் உக்காந்தா காலு தரையில தட்டிக்கிட்டே இருக்கு. சந்தையில பெத்தன் எதுக்க வந்தா, என்னைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிடுறாரு. நான் வேற சந்துல திரும்பிப் போயிருறேன்.