இரவீந்திரன் போர்ட் திறந்த சனிக்கிழமை

ஒஸ்லோவின் ட்வெய்ட்டாப் பகுதியில், உயர்ந்த அடுக்குமாடி ஒன்றில், பத்தாம் தட்டில் குடியிருக்கும் இரவீந்திரனைத் தெரியாத தமிழர் அந்தப் பக்கத்தில் இல்லை. அப்படி யாரும் இருந்தால் அவரே போய்த் தெரிய வைத்துவிடுவார். படித்தது எட்டாம் வகுப்பு. அதைச் சொல்ல மனிதன் கூச்சப்பட்டதே இல்லை. முதலில் அதைத்தான் சொல்வார். அடியில் அதை வைத்துவிட்டால், மேலே அடுக்குவதெல்லாம் இன்னும் உயரமாகத் தெரியும் அல்லவா?

அடுக்குவதற்கும் சரக்கு இருந்தது. சும்மா சொல்லக்கூடாது. எண்பதுகளின் கடைசியில் நோர்வேயில் வந்து இறங்கி, வடகோடியில் ஹம்மர்பெஸ்ட் மீன் ஆலையில் கத்தி பிடித்தார். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து அலுவலகங்களின் நிலம் துடைத்தார். துடைத்துத் துடைத்தே சொந்தமாக ஒரு வான் வாங்கி, ஏழெட்டுப் பேருக்கு வேலை கொடுக்கும் முதலாளியானார். வீட்டுக் குளியலறைக்கு ஓடு பதித்தது அவர். சலவை இயந்திரத்தின் வயிற்றைக் கழற்றி மறுபடி பூட்டியதும் அவர்தான். திருத்துகிறவனைக் கூப்பிட்டு வாசல்படி ஏற்றுவது அவருக்கு மானப் பிரச்சினை. பல்கலைக்கழகம் போய் வந்தவர்கள் ஒரு மின்குமிழ் மாற்ற ஆள் தேடுகிற காலத்தில் இப்படியும் ஒரு மனிதன்.

அப்படிப்பட்டவரையே ஒரு சனிக்கிழமை வியர்க்க வைத்தது, வீட்டு ரவுட்டர்.

அதற்குக் காரணம் அல்பேர்ட். மீன் ஆலையில் இரவீந்திரனுக்குப் பக்கத்தில் நின்று மீன் வெட்டியவர். இரவீந்திரன் ஒஸ்லோவுக்கு வந்த பிறகும் அல்பேர்ட் ஹம்மர்பெஸ்டை விடவில்லை. அந்த நாட்களில் அல்பேர்ட்டும் மனைவி சிந்தியாவும், இரவீந்திரனும் மனைவி கிருஷ்ணகுமாரியும் ஒரு மேசையைச் சுற்றி இருந்தால் முந்நூற்றி நாலுதான். எங்கள் ஆட்களுக்கு அந்தக் கடுதாசி விளையாட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொன்னால், சீட்டாட்டம்தான்; நாலு பேர், இரண்டு சோடி. கூடப் புள்ளி கேட்கிறவர், மற்றதையெல்லாம் வெட்டும் துரும்புச் சாதி எது என்று காட்டாமல் ஒரு கடுதாசியைக் கவிழ்த்து வைப்பார். மற்றவர்கள் அவருடைய முகத்தைப் பார்த்து, வாயைக் கிளறி, அதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஊமையாக இருந்து விளையாட முடியாது. வாய்தான் பாதி ஆட்டம்.

போன இலையுதிர் காலத்தில் சிந்தியா செத்துப்போனாள். அதன் பிறகு அல்பேர்ட்டின் வாய் பூட்டிக்கொண்டது. இரவீந்திரன் அழைத்தால், “ஓம்... இருக்கிறன்... சரி,” என்று மூன்று சொல், பிறகு தொலைபேசி செத்துவிடும். சிந்தியாவின் பெயரை அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இரவீந்திரனுக்கு இது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. இந்த மனிதனைக் கதைக்க வைக்க வேண்டுமென்றால் ஆட்டத்துக்கு இழுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று முடிவு கட்டினார்.

தொலைபேசியில் கிடைக்கிற விளையாட்டு ஒன்றை இரவீந்திரன் அல்பேர்ட்டுக்கு அனுப்பினார். “உது எங்கடை ஆட்டம் இல்லை,” என்று அவர் மூடிவிட்டார். உண்மைதான், அதன் விதிகள் வேறு. உடனே இரவீந்திரனின் மகன் கீர்த்திகன், கணினி வேலை செய்கிறவன், யாழ்ப்பாண விதிகளோடு ஒரு ஆட்டம் எழுதி, அப்பாவின் வீட்டுப் பழைய கணினியில் போட்டுக் கொடுத்தான். அந்தக் கணினிதான் மேசை. வெளியில் இருப்பவர்கள் இணையத்தின் வழியாக அந்த மேசைக்கு வர வேண்டும். சிந்தியாவின் இடத்துக்கு, ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் ஸ்ட்ரோம்மனில் இருக்கும் இரவீந்திரனின் சித்தப்பா மகன் ஜெகதீஸ்வரன் வரச் சம்மதித்தார்.

அல்பேர்ட்டும் ஒருவாறு இறங்கி வந்தார். “சனிக்கிழமை நாலு மணிக்கு ஒரு ஆட்டம். அதோடை என்னை விட்டிடு, மச்சான்.”

ரவுட்டரில் செய்ய வேண்டியதைச் செய்து தர வருவதாகச் சொன்ன கீர்த்திகன் வரவில்லை. வியாழக்கிழமை அவன் மனைவி சுஜானிக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. இரவீந்திரன் ஆஸ்பத்திரியில் பேத்தியைப் பார்த்துவிட்டு, மகனின் முதுகில் தட்டினார். “நீ உன்ரை பிள்ளையைப் பார். ரவுட்டரை நான் பாக்கிறன். கப்பல் இயந்திரத்தையே நிண்டு பாத்தனான்.” கப்பல் இயந்திரத்தை அவர் நின்று பார்த்தது உண்மை. தொட்டதில்லை.

சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் மடிக்கணினியை விரித்தார். ரவுட்டர் என்பது வாசல் காவல்காரன். அதில் எண் போட்ட ஆயிரக்கணக்கான சின்னக் கதவுகள் உண்டு; அவற்றுக்குப் போர்ட் என்று பெயர். வெளியில் இருந்து வருகிறவனுக்கு எல்லாமே பூட்டு. எந்த எண்ணைத் திறக்க வேண்டும், வருகிறவனை வீட்டுக்குள் எந்தக் கணினியிடம் அனுப்ப வேண்டும் என்று காவல்காரனுக்குச் சொல்லி வைக்க வேண்டும். நோர்வேஜிய மொழியில் இருந்த பக்கத்தில் மேம்பட்ட அமைப்புகளைத் தேடிப் பிடித்தார். பழைய கணினியின் உள்வீட்டு விலாசம் நாளுக்கு நாள் மாறாதபடி கட்டி வைத்தார். மகன் சொன்ன எண்ணை எழுதினார். சேமித்தார். எட்டாம் வகுப்பு!

வெளியில் இருந்து கதவு தெரிகிறதா என்று சோதிக்கும் பக்கத்தைத் திறந்து பார்த்தார். மூடியிருக்கிறது என்றது.

அழித்துவிட்டு மறுபடி எழுதினார். மூடியிருக்கிறது. ரவுட்டரை அணைத்து ஏற்றினார். மூடியே இருந்தது.

குசினியில், பிள்ளை பெற்ற சுஜானிக்கு மருந்துபோலச் சரக்குக் கறி வைத்துக்கொண்டிருந்த கிருஷ்ணகுமாரி எட்டிப் பார்த்தாள். “என்ன, கப்பல் ஓடுதோ?”

“நீ கறியைப் பார்.”

“கறி சரியாத்தான் இருக்கு. உங்கடை முகந்தான் அடிப்பிடிச்சுக் கிடக்கு.”

மூன்றரை ஆனபோது மானத்தை மடித்து வைத்துவிட்டு மகனைக் கூப்பிட்டார். கீர்த்திகன் எல்லாவற்றையும் கேட்டான். “அப்பா, நீங்கள் செய்ததெல்லாம் சரி. ஆனால் நீங்கள் திறந்தது பிறகு ஸ்ட்ரோம்மன் கடையிலை வாங்கின ரவுட்டரை. சாமி அறைக்குள்ளை ஒரு பெட்டி இருக்கெல்லே? வெளி லைன் முதல்லை வாறது அதுக்குத்தான்.”

“அது சும்மா ஒரு பெட்டியெல்லே?”

“அதுவும் ஒரு ரவுட்டர்தான், அப்பா.”

“எண்டால்... தெருப் படலை பூட்டிக் கிடக்குது, நான் வீட்டுக் கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு நிக்கிறன்?”

“ஓம், அதேதான். பாஸ்வேர்ட் பெட்டிக்கு அடியிலை ஒட்டியிருக்கும். யூர்மூர் வந்திட்டா, நான் வைக்கிறன்.” மருத்துவிச்சி வந்துவிட்டால் அவனும் என்னதான் செய்வான்?

இரவீந்திரன் வீட்டு நடைக்குப் போய், சாமி அறை வாசலில் நின்றுவிட்டார். இணைய லைன் வந்த காலத்தில் அது சாமான் வைக்கும் சின்ன அறை. பெட்டியைக் கீழ்த்தட்டில் பூட்டிவிட்டுப் போனார்கள். பிறகு கிருஷ்ணகுமாரி அதைச் சாமி அறையாக்கினாள். பிள்ளையாருக்குப் பக்கத்தில் பச்சை விளக்குகள் கண் சிமிட்டுவது பொறுக்காமல், பழைய பட்டுச்சேலைத் துண்டால் பெட்டியை மூடி, முன்னால் படங்களை வைத்தாள். நாளடைவில் இரவீந்திரன் அதை மறந்தே போனார்.

இப்போது அந்தக் கதவு சாத்தியிருந்தது. மகனுக்குப் பிள்ளை பிறந்தால் தகப்பன் வழிக்கெல்லாம் துடக்கு, அதாவது தீட்டு. முப்பத்தோராம் நாள் ஐயர் வந்து கழிக்கும் வரைக்கும் சாமிக்கு விளக்கு இல்லை. உள்ளே கால் வைக்கவும் முடியாது.

“இஞ்சேர், ஒரு நிமிசம். குனிஞ்சு பாத்திட்டு வந்திடுவன்.”

“கால் வைச்சுப் பாருங்கோ, தெரியும்.”

“பேத்தி பிறந்ததுக்குச் சாமி கோவிப்பாரே?”

“சாமி கோவிக்க மாட்டார். நான் கோவிப்பன்.”

“ஜெகாவை வரச் சொல்லட்டோ?”

“நல்ல கதை. உங்கடை சித்தப்பான்ரை மோனுக்கு மட்டும் துடக்கு இல்லையோ?”

இரவீந்திரன் யோசித்தார். துடக்கில்லாத ஒரு மனிதன் வேண்டும், அதுவும் இந்த நிமிஷமே வேண்டும். வெளி நடையைத் தாண்டி எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். அங்கே இருப்பவர் மார்க்கஸ், ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்ற நோர்வேஜியர். விஷயத்தைக் கேட்டதும் கம்பளிக் காலுறையோடு சந்தோஷமாக வந்து நின்றார். சாமி அறை வாசலில் கிருஷ்ணகுமாரி கையை விரித்து மறித்தாள்.

“இண்டைக்கு என்ன சாப்பிட்டவராம்? கேளுங்கோ.”

இரவீந்திரன் கேட்டார். மார்க்கஸ் பெருமையோடு சொன்னார். பாணுக்குப் பன்றி ஈரல் பூசி, இரண்டு துண்டு.

கிருஷ்ணகுமாரி கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. அல்பேர்ட். மாதக் கணக்கில் அவராக அழைத்ததே இல்லை. இரவீந்திரன் ஒலிபெருக்கியில் போட்டார்.

“மச்சான், நாலு மணியாச்சு. உள்ளுக்கு வரேலாமல் கிடக்கு.”

“ஒரு பத்து நிமிசம், மச்சான். இந்தா திறந்திடுவன்.”

“பரவாயில்லை, ரவி. எனக்கும் பெரிசா மனமில்லை. விடு. நான் வைக்கிறன்.”

இன்று வைத்தால் அல்பேர்ட் இனி எடுக்க மாட்டார் என்பது இரவீந்திரனுக்குத் தெரியும். கிருஷ்ணகுமாரிக்கும் தெரியும். அவள் தொலைபேசியைப் பறித்தாள்.

“அல்பேர்ட் அண்ணை, வைக்காதேங்கோ! இவரிலை பிழையில்லை. பெட்டி சாமி அறைக்குள்ளை இருக்கு. எங்களுக்குப் பேத்தி பிறந்த துடக்கு. முன் வீட்டு மார்க்கஸைக் கூட்டிக்கொண்டு வந்தால், அந்தாள் பண்டி ஈரல் திண்டிட்டு வந்து நிக்குது. நான் என்ன செய்ய, நீங்களே சொல்லுங்கோ.”

ஹம்மர்பெஸ்ட் பக்கமிருந்து மூக்கால் ஏதோ வந்தது. அது இருமலாக மாறி, இருமல் சிரிப்பாக மாறியது.

“குமாரி... இஞ்சை நீங்கள் இருந்த காலத்திலை, ஆலையாலை வந்த கையோடை எங்கடை சிந்தியா உன்ரை சாமிப் படத்தடிக்கு வந்து நிண்டவள், ஞாபகமோ? மேலெல்லாம் மீன் மணம்.”

“நான் ஒண்டும் சொல்லேல்லையே, அண்ணை.”

“சொல்லேல்லை. அவள் வீட்டை வந்து என்னட்டைச் சொன்னவள், ‘பாவம் குமாரி, மூச்சைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சவள்’ எண்டு. அண்டு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சவள்.”

கிருஷ்ணகுமாரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். பிறகு குசினிக்குப் போய், கிண்ணத்தில் மஞ்சள் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தாள்.

“வாயைக் கொப்பளிச்சு, காலுறையைக் கழட்டச் சொல்லுங்கோ.”

“போனை வைச்சிடாதை, குமாரி,” என்றது தொலைபேசி. “எனக்கு இது கேக்கவேணும்.”

மார்க்கஸ் சொன்னபடி செய்தார். தலையில் மஞ்சள் தண்ணீர் விழுந்தபோது, எங்கே துடைத்தால் குறையாகிவிடுமோ என்று மூக்கு நுனியில் சொட்டச் சொட்ட நின்றார். பிறகு உடம்பைக் குறுக்கி உள்ளே நுழைந்து, பிள்ளையாருக்கு மரியாதையாக “ஹேய்” என்று நோர்வேஜிய வணக்கம் சொல்லி, படத்தை இரண்டு கையாலும் தூக்கி ஓரமாக வைத்து, பட்டுத் துண்டை விலக்கி, பெட்டியின் அடியைப் படம் பிடித்துக்கொண்டு வந்தார். ஐயர்கூட அவ்வளவு கவனமாகப் படத்தைத் தூக்கமாட்டார்.

“என்ன நடக்குது? உள்ளுக்கை போயிட்டானோ?” என்று அல்பேர்ட் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மற்றது இரவீந்திரனின் வேலை. கடவுச்சொல்லைப் பார்த்து, முதல் பெட்டிக்குள் மடிக்கணினியாலேயே நுழைந்தார். அதே எண்ணைத் திறந்து, வருகிறவனை இரண்டாவது ரவுட்டரிடம் அனுப்பச் சொல்லி எழுதினார். சோதனைப் பக்கம் இந்தத் தடவை திறந்திருக்கிறது என்றது.

“திறந்திட்டன்! பாத்தியளோ? ரெண்டு ரவுட்டர், ரெண்டையும் நானே திறந்தனான். எஞ்சினியருக்கே ஒரு கிழமை செல்லும்!”

“ஒரு கதவு திறக்க உனக்கு ஒரு பின்னேரம்,” என்றார் அல்பேர்ட். “இதிலை முதலாளியாம்.”

ஸ்ட்ரோம்மனில் காத்திருந்த ஜெகதீஸ்வரனும் வந்து சேர்ந்தார். அந்த மேசையில் முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். ஒருவர் கடுதாசியை மற்றவர் எட்டிப் பார்ப்பார் என்று கணவனும் மனைவியும் வேறு வேறு அறையில் இருந்தார்கள். மார்க்கஸுக்குத் தேத்தண்ணீரும் வடையும் கொடுத்து, வேடிக்கை பார்க்க ஒரு கதிரையும் போட்டாயிற்று. அல்பேர்ட்டும் கிருஷ்ணகுமாரியும் ஒரு சோடி. இரவீந்திரன் பெரிய புள்ளியாகக் கேட்டு, துரும்பைக் கவிழ்த்து வைத்தார்.

“இஸ்பேட்,” என்றார் அல்பேர்ட்.

“எப்பிடிச் சொல்லுறாய்? முகமும் தெரியாது.”

“நீ மூச்சு விட்ட விதத்திலை தெரியுது. இஸ்பேட் வந்தால் முப்பது வருசமா நீ மாடு மாதிரித்தான் மூச்சு விடுறனீ.”

“அண்ணை, மூச்சு விடாமல் விளையாடுங்கோ!” என்று ஜெகதீஸ்வரன் கத்தினார்.

இஸ்பேட்தான். இரவீந்திரனும் ஜெகதீஸ்வரனும் படுதோல்வி. ஆட்டம் முடிந்தது. ஒரே ஒரு ஆட்டம் என்றுதான் பேச்சு. முதலாளியாகப் பலரை வேலை வாங்கிய இரவீந்திரன், திரையில் இருந்த அல்பேர்ட்டின் பெயர் மறைகிறதா என்று சின்னப்பிள்ளை போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரவி.”

“ஓம், மச்சான்.”

“பேத்திக்கு என்ன பேர் வைக்கப் போறியள்?”

“இன்னும் யோசிக்கேல்லை.”

“சரி, யோசியுங்கோ. அதுக்கிடையிலை கடுதாசியைப் போடு. சும்மா என்ன பாத்துக்கொண்டு இருக்கிறாய்?”

இரவீந்திரன் போட்டார். கை நிறையக் குப்பைக் கடுதாசிதான் வந்தது. இரண்டு வீட்டுக்குக் கேட்கும்படி, தன்னை வெல்ல இனி ஒருவன் பிறந்து வர வேண்டும் என்று அறிவித்துவிட்டு, புள்ளி கேட்கத் தொடங்கினார்.