அவள் எடுத்துவைத்த படம்

இரங்கலுரை ஆற்றுவதில் எனக்குக் கிள்ளானில் ஒரு பெயர் உண்டு. தமிழாசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின், துயர வீடுகளிலிருந்து அழைப்பு வராத மாதம் அரிது. ஆகவே, இறப்பைப் பற்றியும் இழப்பைப் பற்றியும் மனம்விட்டுப் பேசும் கூட்டம் ஒன்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நடக்கவிருக்கிறது, தவறாமல் வரவேண்டும் என்று ஒரு பெண் கைப்பேசியில் அழைத்தபோது, தலைமையுரைக்கே அழைக்கிறாள் என எடுத்துக்கொண்டேன். நிலையாமை குறித்து ஆறு பக்கம் எழுதினேன். ஞாயிறு காலை என் மகள் மகிழுந்தில் அழைத்துச் சென்றாள்.

கடைவீடொன்றின் மாடி. மேடை இல்லை, ஒலிவாங்கியும் இல்லை. பத்துப் பன்னிரண்டு நெகிழி நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். நடுவே ஒரு தட்டு நிறையக் கறிபாப் பலகாரம்.

“ஐயா, ஸ்பீச் எல்லாம் இல்ல லா. சும்மா உக்காந்து பேசுவோம். ஒருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் மத்தவங்க குறுக்க பேசக்கூடாது, அவ்ளோதான் ரூல்,” என்றாள் அழைத்தவள். அவள் மருத்துவமனைத் தாதி.

என் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் கிள்ளானை அடுத்த மேருவைச் சேர்ந்த லோரி ஓட்டுநர். அண்மையில் அண்ணனை இழந்தவர். “சின்ன வயசுல வீட்டுல சாவுன்னு சொன்னாலே எங்கம்மா வாயில மொளகா தேய்ப்பாங்க. இங்க என்னடான்னா கறிபாப் குடுத்துப் பேசச் சொல்றாங்க,” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

என் முறை வந்தது. “மாந்தர் வாழ்வின் நிலையாமையை எண்ணிப் பார்க்குங்கால்...” என்று தொடங்கினேன்.

“அது கெடக்கட்டும் ஐயா. ஒங்க வீட்டுல யாரு போனாங்க?” என்றார் ஓட்டுநர். தாதி அவரை முறைத்தாள்.

சொன்னேன். ஈராண்டுக்கு முன் என் மனைவி. கணையத்தில் புற்று. மருத்துவர் என்னிடம் மட்டுமே கூறினார்; அவளிடம் வயிற்றுப்புண் என்று சொல்லவைத்தேன். வீட்டில் எவரும் சாவைப் பற்றி வாய்திறக்கலாகாது என்று ஆணையிட்டேன். கடைசிவரை ஒன்றும் அறியாமல் அமைதியாகச் சென்றாள். இதை ஒருவகைப் பெருமிதத்தோடுதான் சொன்னேன். சிலர் தலையசைத்தனர்.

அடுத்து என் மகள். அவள் என்னைப் பார்க்கவில்லை.

“அம்மாவுக்குத் தெரியும். மருந்து பேரை போன்ல தேடிப் பார்த்துட்டாங்க. ஒரு நாள் என்னை ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க. பச்சை சேலை கட்டி, பூ வச்சி, ஒரு படம் எடுத்துக்கிட்டாங்க. ‘பேப்பர்ல இதத்தான் போடணும். ஒங்கப்பாகிட்ட இப்ப சொன்னா கத்துவாரு. நான் போனப்புறம் குடு’ன்னாங்க.”

நான் வாய் திறந்தேன். தாதி உள்ளங்கையை உயர்த்தினாள்.

“அம்மா போன அன்னைக்கு அந்தப் படத்தை எடுத்துக்கிட்டு அப்பாகிட்ட போனேன். ‘இந்த நேரத்துல என்ன படம்? எல்லாம் நான் பாத்துக்கிறேன், போ’ன்னுட்டாரு. போன்ல ஒரு காப்பி எடுத்துக்கிட்டு, அதைப் பெட்டியில அம்மா கைக்குக் கீழ வச்சிட்டேன். அப்ப அப்பா பேசிக்கிட்டு இருந்தாரு.”

ஆம், என் மனைவிக்கும் நானே இரங்கலுரை ஆற்றினேன். நாளிதழுக்கு நான் அனுப்பியது, உறவினர் திருமணத்தில் எடுத்த குழுப்படத்திலிருந்து வெட்டிய முகம். கண்கள் பாதி மூடியிருந்தன. ஓரத்தில் யாரோ ஒருவருடைய தோள். கீழே நான் யாத்த இரண்டு வெண்பாக்கள். நண்பர்கள் வெண்பாக்களைப் பாராட்டினார்கள். படத்தைப் பற்றி எவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை; நானும் அதைக் கூர்ந்து பார்த்ததில்லை.

தேநீர் வேளையில் மகள் தன் கைப்பேசியை ஓட்டுநரிடம் நீட்டுவதைக் கண்டேன். அவர் கறிபாப்பைக் கீழே வைத்து, விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, இரு கைகளாலும் அதை வாங்கினார்.

“நல்லா சிரிக்கிறாங்க லா மா,” என்றார்.

நான் மாடிப்படியருகே கோப்பையுடன் நின்றிருந்தேன். மகள் என் பக்கம் திரும்பவில்லை.

வீடு திரும்பும் வழியில், கூட்டரசு நெடுஞ்சாலையில் மகிழுந்து ஷா ஆலாமைத் தாண்டியது. பிறகு நான்தான் கேட்டேன்.

“அந்தப் படத்தை எனக்குக் காட்டலாகாதா?”

“காட்டுறேன்ப்பா. ஆனா இப்ப இல்ல.”

“நான் அவள் கணவன்.”

“அது எனக்குத் தெரியும்ப்பா. அம்மாவுக்கும் தெரிஞ்சுதான் எங்கிட்ட குடுத்தாங்க.”

மாதங்கள் பல கடந்துவிட்டன. அவள் காட்டவில்லை. முன்பின் அறியாத ஓட்டுநர் ஒருவர் பார்த்த முகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. மறுபடி கேட்க எனக்கு வாய் எழவுமில்லை.