அம்மா பெயரில் விழுந்த பங்கு

புதிதாகச் சந்தைக்கு வரும் நிறுவனங்களின் பங்குக்கு விண்ணப்பிப்பது என் பழக்கம். காலையில் ரொட்டிக்கு மார்ஜரின் தடவிக்கொண்டே கைப்பேசிச் செயலியில் தட்டிவிடுவேன். குலுக்கலில் பெயர் விழுந்தால் பங்கு கிடைக்கும். முதல் நாளே விற்று லாபம் பார்க்கலாம். எனக்கு ஒருமுறைகூட விழுந்ததில்லை. ராசியில்லாத கை என்று கணவர் கிண்டல் செய்வார். அதனால் இங்கே பலரும் செய்வதையே நானும் செய்தேன். வீட்டிலுள்ள இன்னொருவர் பெயரிலும் கணக்குத் திறந்தேன். அகப்பட்டவர் அம்மா.

அம்மா கோலா சாவா பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அங்கே ரப்பரை அழித்து எண்ணெய்க்கான செம்பனை நட்ட பிறகு உரம் போட்டார். இப்போது அம்பாங்கான் நகர்ப்பகுதியில் என்னோடு இருக்கிறார். வெள்ளிக்கிழமையானால் அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு நான்தான் காரோட்ட வேண்டும்.

முகத்தைச் சரிபார்க்க, இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு என்றது செயலி.

"என்னா இது, பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி?" என்றார் அம்மா.

அந்த முறை சந்தைக்கு வந்தது அந்தத் தோட்டத்தின் நிறுவனமே. அதைச் சொன்னதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வாங்கினா நாமளும் முதலாளியா?"

"பின்ன? இனிமே தோட்டத்து மேனேஜர், அந்தத் துரையே உங்களுக்குக் கீழதான்."

"அப்ப கோயில ஒருத்தரும் ஒடைக்க முடியாதுல்ல?"

நான் சிரித்தேன். சுற்றியுள்ள தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புத் திட்டங்களாகிக்கொண்டிருந்தன. அந்தப் பயத்தோடுதான் அவர் கேட்டார் என்பது எனக்கு உறைக்கவில்லை.

வழக்கம்போல் எனக்கு விழவில்லை. அம்மாவுக்கு நூறு பங்கு விழுந்தது. முதல் நாளே விலை ஏறியது. விற்கலாமா என்று கேட்டேன்.

"கோயில விப்பியா நீ?" என்று கேட்டுவிட்டு வெண்டைக்காய் நறுக்கப் போய்விட்டார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அடுத்த ஆண்டு அறிவிப்பு வந்தது. தோட்டத்தை வீடு கட்டும் நிறுவனமொன்றுக்கு விற்கப் போகிறார்கள். கோயிலுக்கு வாய்க்கால் ஓரம் மாற்று இடம். பங்குதாரர்கள் கைப்பேசியிலேயே வாக்களிக்கலாம்.

அம்மா குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். எதிர்ப்பு எது என்று கேட்டுக் கேட்டுத் தானே விரலால் அழுத்தினார். கோடிக்கணக்கான பங்குகளுக்கு நடுவே நூறு பங்கு எந்த மூலைக்கு என்று எனக்குத் தெரியும்.

மதியத்துக்குள் முடிவு வந்தது. விற்கலாம் என்று தீர்மானமாகிவிட்டது.

"நம்ம ஓட்ட எண்ணினாங்களா?"

"எண்ணினாங்கம்மா."

அம்மா எழுந்து சோறு போடப் போனார்.

அந்தக் கோயில் திருவிழாவில் முதல் மாலை முதலாளி சார்பில் வரும் துரைக்குத்தான். அவர் கழுத்தில் மாலை விழுந்த பிறகே மற்றவர்களுக்குப் பிரசாதம். பழைய இடத்தில் நடந்த கடைசித் திருவிழாவுக்குத் துரை வரவில்லை. அவரை வேறு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்களாம். பூசாரி மாலையைக் கையில் ஏந்தியபடி சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"முதலாளி பக்கமிருந்து யாருமே வரலியா?" என்று கோயில் தலைவர் மைக்கில் கேட்டார்.

என் பக்கத்தில் நின்ற அம்மா சட்டென்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். மானம் போகப்போகிறது என்று நான் அவர் சேலையைப் பிடித்து இழுக்கப் பார்த்தேன். பிடி கிடைக்கவில்லை.

"நான் இருக்கேன்யா," என்றார். "நானும் முதலாளிதான். விக்கக் கூடாதுன்னு சொன்ன முதலாளி."

யாரும் சிரிக்கவில்லை. பூசாரி தலைவரைப் பார்த்தார். தலைவர் தலையசைத்தார். அம்மா குனிந்து மாலையை வாங்கிக்கொண்டார். துரையின் உயரத்துக்குக் கட்டிய மாலை, அம்மாவுக்கு முழங்கால்வரை தொங்கியது.