சவுக்குத் தோப்பில் பேர் கேட்டார்கள்

கடலைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேரன் எடுத்த வயதில் புருஷனும் பெண்டாட்டியும் கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறார்கள் என்று தெரிந்தால், கள்ளக்குறிச்சியில் எங்கள் தெரு ஒரு மாதத்துக்கு வேறு வேலை பார்க்காது. அதனால் மாப்பிள்ளையிடம், வைத்தீஸ்வரன் கோயிலுக்கு ஒரு வேண்டுதல் என்று சொல்லிவிட்டேன். என்ன வேண்டுதல் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே உளறியிருப்பேன்.

ஆசை என் மனைவியுடையது. நான் மலைமேல் கரியாலூரில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றி, சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி மில்லில் இறக்குகிறவன். சொந்த வண்டி. குட்டியானை என்பார்களே, அந்தச் சின்ன லோடு வண்டிதான். கிழங்கு சீசன் முடிந்து வண்டி வாசலில் சும்மா நின்ற ஒரு நாள், "எப்பப் பாத்தாலும் மலைக்கே போய்க்கினு இருக்குதே, ஒரு தடவ கடலுக்குப் போனா இன்னா?" என்றாள்.

"கடல்ல இன்னா லோடு ஏத்தறது?"

"என்னிய ஏத்திக்கினு போங்க."

இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டது கம்மி. கிளம்பினோம்.

உளுந்தூர்பேட்டை, நெய்வேலி, கடலூர். கடலூரில் முதன்முதலாகக் கடலைப் பார்த்தவள், அதோடு விட்டாளா? சாலைக்குப் பக்கத்தில் எங்கே நீலம் தெரிந்தாலும் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றாள். பரங்கிப்பேட்டையில் நிறுத்தினோம். பூம்புகாரில் நிறுத்தினோம். தரங்கம்பாடியைத் தாண்டி ஒரு மீனவர் ஊருக்குச் சற்றுத் தள்ளிச் சவுக்குத் தோப்பு ஒன்று தெரிந்தது. அதற்குள் வண்டியை விட்டு, கிழங்கு மூட்டை மூடுகிற தார்ப்பாயை வண்டியின் பக்கவாட்டிலிருந்து இரண்டு மரங்களுக்கு இழுத்துக் கட்டினேன். அதுதான் எங்கள் கூடாரம். தோப்பில் யார் கண்ணிலும் பட மாட்டோம் என்று நினைத்தேன். ஒளிந்துகொள்கிறவனைத்தான் ஊர் முதலில் பார்க்கும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

காலையில் அவள் முழங்கால்வரை தண்ணீரில் இறங்கி நின்றாள். அலை வந்து தள்ளும்போதெல்லாம் சத்தம் போட்டுச் சிரித்தாள். நான் கரையில் நின்றுகொண்டு, "இந்தா, மெதுவா சிரி. யாராவது வந்துடப் போறாங்க" என்று அதட்டினேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுப் புடவையைப் பிழிந்தபடி மேலே வந்து, கல் கூட்டி டீ போட உட்கார்ந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. இப்போது நினைத்தால் அந்த நிம்மதிதான் கூசுகிறது.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். மீன் கூடையோடு ஓர் அம்மா, என் வயதுதான் இருக்கும். பின்னால் இரண்டு ஆண்கள்.

"யாருப்பா நீங்க? எந்த ஊரு?"

சொன்னேன். புருஷன் பெண்டாட்டி என்றும் சொன்னேன்.

"புருஷன் பொண்டாட்டின்னா ஊருக்குள்ள வந்து கேட்டா கோயில் மண்டபத்துல படுக்க எடம் குடுப்போமே. தோப்புக்குள்ள எதுக்கு ஒளிஞ்சிருக்கணும்?"

பிறகு அவர்களில் ஒருவர் விஷயத்தைச் சொன்னார். இதே தோப்பில் ஒரு ஜோடி வந்து தங்கி, மருந்து குடித்துவிட்டது. இரண்டும் வேறு வேறு குடும்பம். போலீஸ் ஸ்டேஷனுக்கு ஊரே அலைந்திருக்கிறது. என் மனைவி கழுத்துக் கயிற்றை எடுத்துக் காட்டினாள். "அந்தப் பொண்ணு கழுத்துலயும் இருந்துச்சும்மா" என்றார் அந்த அம்மா, வருத்தமாக.

என்னை வண்டியின் மறுபக்கம் கூட்டிப் போய்க் கேட்டார். "உங்க வூட்டம்மா பேரு என்ன?"

சொன்னேன். உடனே அடுப்பருகே போய் அவளிடம், "உன் பேரு என்னம்மா?" என்றார். அவளும் சொன்னாள்.

இரண்டும் வேறு வேறு பேர்.

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் செத்துப் போனேன். ஆண்களில் ஒருவர் போனை எடுத்து, "பிள்ளைங்க நம்பரைச் சொல்லுங்க" என்றார். கோயிலுக்குப் போன மாமனாரும் மாமியாரும் சவுக்குத் தோப்பில் பிடிபட்டார்கள் என்று மாப்பிள்ளைக்குப் போன் போகப் போகிறது. என் வாயில் நம்பர் வரவில்லை. தயங்கத் தயங்க அவர்களுக்குச் சந்தேகம் ஜாஸ்தியானது.

"சரி, நீ சொல்லும்மா. உன் வூட்டுக்காரர் பேரு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சொல்லக் கூடாதுங்க."

"தெரியாதா?"

"தெரியும். சொல்லக் கூடாது." பிறகு ஆகாயத்தைக் காட்டி, "மயில் மேல வர்றவருங்க" என்றாள்.

"முருகனா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"வேலு? கந்தன்? ஆறுமுகம்?" ஆண்கள் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு ஆறுபடை வீட்டையும் சுற்றி வந்தார்கள். சரியான பேர் வந்ததும் அவள் முகத்தை மூடிக்கொண்டு தலையசைத்தாள். என் லைசென்சை வாங்கிப் பார்த்தார்கள். அதே பேர்.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போனை உள்ள வையிடா. ஓடி வந்தவளா இருந்தா பேரைப் பட்டுன்னு சொல்லியிருப்பா. இவ பொண்டாட்டிதான்." பிறகு என் பக்கம் திரும்பினார். சிரிப்பு நின்றிருந்தது. "அவ சொல்லக் கூடாது, சரி. நீங்க சொல்லலாம்ல? பொண்டாட்டி பேரை ஏன் மாத்திச் சொன்னீங்க?"

சொல்லித்தான் ஆகவேண்டும். என் அம்மா பேரும் அவள் பேரும் ஒன்று. மாமியார் பேரைச் சொல்லி மருமகளை அதட்டவோ வேலை ஏவவோ முடியுமா? கல்யாணமாகி வந்த வாரமே வீட்டில் அவளுக்கு வேறு பேர் வைத்துவிட்டார்கள். அது நிலைத்துவிட்டது. நான் அந்தப் பேர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பேன், வருவாள்.

"அம்மா இருக்காங்களா?"

"இல்லைங்க. போய்ச் சேந்து ரொம்ப வருஷமாச்சு."

"அப்புறம் என்ன?"

மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மனைவிதான் முன்னால் வந்தாள். "அவுரு மேல தப்பு இல்லைங்க. வூட்ல எல்லாருக்கும் பழகிப்போச்சு" என்றாள். எனக்காகப் பேச அவள் வந்தது, அவர்கள் சந்தேகப்பட்டதைவிடக் கேவலமாக இருந்தது.

அவர்கள் கிளம்பினார்கள். கொஞ்ச தூரம் போன அந்த அம்மா, என்ன நினைத்தாரோ, திரும்பி நின்று என் மனைவியை அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவளுடைய சொந்தப் பேர், கடற்கரைக் காற்றில், உரக்க. "வா, சங்கரா மீன் தர்றேன், கொழம்பு வையி."

சடாரென்று திரும்பினாள். ஈரப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். அந்த வேகத்தை நான் எங்கள் வீட்டில் பார்த்ததே இல்லை. நான் "இந்தா" என்றால் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு மெதுவாகத்தான் எழுந்து வருவாள். வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுதும்போது, உன் பேரைப் போடட்டுமா என்று அவளிடம் கேட்டேன். யார் பேரும் வேண்டாம் என்றுவிட்டாள்.

மறுநாள் திரும்பி வரும்போது, நெய்வேலி தாண்டியதும், சொல்லிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, சாலையைப் பார்த்தபடி, அவள் பேரைச் சொன்னேன். முதல் தடவை அது இன்ஜின் சத்தத்தில் அமுங்கிப் போனது. கொஞ்சம் உரக்க மறுபடி சொன்னேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். என் கையைத் தொட்டு, ஆறுதலாகக் கேட்டாள்.

"இன்னாங்க, அத்தை நெனப்பு வந்துடுச்சா?"