குசினிச் சுவரில் ஒரு குட்டி யன்னல்

நாங்கள் குடியேறிய ஆங்கிலேய நகரத்தின் ஆர்ச்வே ஏற்றத்தில், சப்பாத்துப் பெட்டிகளை வரிசையாக அடுக்கி வைத்ததுபோல் சில வீடுகள் இருக்கின்றன. கூரை தட்டை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அறுபதுகளில் உள்ளூர் கவுன்சில் கட்டியவை. அதில் ஒரு பெட்டி எங்களுடையது. அதைப் பார்க்க ஆட்கள் வரிசையில் நிற்பார்கள் என்று வாங்கியபோது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

எங்கள் குசினிக்கும் முன்னறைக்கும் நடுச்சுவரில் ஒரு குட்டி யன்னல் உண்டு. சமைத்ததைச் சுற்றித் தூக்கி வராமல் அதற்குள்ளால் நீட்டலாம். பலகைக் கதவு, பக்கவாட்டில் இழுக்க வேண்டும். என் மகளுக்கு அதுதான் கடை. ஸ்டூலில் ஏறி நின்று என் பேனையை எனக்கே விற்பாள்.

மனைவிக்கு அதுதான் எதிரி.

“மீன் பொரிக்கிறது குசினியில. மணக்கிறது சோபா. வாற சனம் என்ன நினைக்கும்? இதை மூடிவிடுங்கோப்பா.”

“அம்மா, ப்ளீஸ்! பிறகு நான் எங்க கடை போடுறது?”

“ஆர்ச்வேயில கடைக்கென்ன பஞ்சமோ?”

நான் மனதுக்குள் மகளின் பக்கம். ஆனால் பொரித்த மீனை இரண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்கிறவன் எப்படி வாய் திறப்பது? தெரிந்த தச்சர் ஒருவரைத் திங்கட்கிழமை வரச் சொன்னேன்.

அந்த வாரமே இரண்டு வீடு தள்ளியிருக்கும் ஆங்கிலேய அம்மா வந்து கதவைத் தட்டினார். இந்த வீடுகளை மாற்றாமல் காப்பாற்ற வேண்டுமென்று ஓடித் திரிபவர். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்து பார்க்க வீடுகளைத் திறந்துவிடப் போகிறார்களாம். “இந்த வரிசையில் அந்த யன்னல் மிச்சம் இருப்பது உங்கள் வீட்டில் மட்டும்தான்” என்றார்.

“ஒரு நாள்தானே, பாத்திட்டுப் போகட்டும்” என்றாள் மனைவி. “ஆனால் திங்கள் எண்டால் திங்கள்தான்.”

அந்த அம்மா போகும்போது சொல்லிவிட்டுப் போனார்: அன்றைக்குச் சமைக்கக் கூடாது, இந்தக் காலத்துச் சாமான் எதுவும் கண்ணில் படக் கூடாது. நான் ரைஸ் குக்கரையும் மிக்ஸியையும் அரிசி மூட்டையையும் குளியல் தொட்டிக்குள் இறக்கித் திரையை இழுத்துவிட்டேன். நல்ல மூளை என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிறு காலை முதலில் வந்தவர்களே, “குளியலறை ஓடுகள் அந்தக் காலத்தவையாமே, பார்க்கலாமா?” என்று திரையை விலக்கினார்கள். தொட்டிக்குள் அரிசி மூட்டை சொகுசாகப் படுத்திருந்தது.

“இதுவும் அறுபதுகளைச் சேர்ந்ததா?” என்று ஒருவர் மிக மரியாதையாகக் கேட்டார்.

சமைக்கக் கூடாதென்ற மற்ற நிபந்தனையை மனைவி பார்த்துக்கொண்டாள். “வீட்டுக்கு வந்த சனத்தை வெறும் வாயோட அனுப்புறதோ? எனக்கு ஏலாது.” வடைச் சட்டி அடுப்பில் ஏறியது. குட்டி யன்னல் திறந்தது. அதற்குள்ளால் வடை வந்தது, தேத்தண்ணி வந்தது. மகள் “நெக்ஸ்ட், ப்ளீஸ்!” என்று கத்தினாள். வந்தவர்கள் போகவில்லை. வரிசை தெருமுனைவரை நீண்டது. கண்டிக்க வந்த அந்த ஆங்கிலேய அம்மா வடையோடு சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது நரைத்த தலையோடு உயரமான ஒரு பெண் யன்னலடிக்கு வந்தார். வடையை எடுக்கவில்லை. முழங்கால் மடித்து, யன்னல் விளிம்பில் நாடியை ஊன்றி முகத்தை வைத்தார். இதே வரிசையில் கடைசி வீட்டில் பிறந்தவராம். அம்மா சமைக்கும்போது இப்படித்தான் நின்று பேசிக்கொண்டிருப்பாராம். “எங்கள் யன்னலை அடைத்துவிட்டார்கள். இப்போது வெறும் சுவர்” என்றார்.

அவருக்குப் பக்கத்தில் போய் மகளும் அதேபோல் நாடியை வைத்தாள். உள்ளே நின்ற மனைவி இரண்டு நாடிகளையும் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு வடை நீட்டினாள். சட்டியில் இருந்தது கருகும்வரை அங்கேயே நின்றாள்.

திங்கட்கிழமை தச்சர் பலகையோடு வந்தார். அவருக்கும் யன்னலுக்குள்ளாலேயே தேத்தண்ணி வந்தது.

“மூட வேண்டாம் அண்ணை” என்றாள் மனைவி. “இந்தக் கதவு இடைக்கிட இறுகுது. சுகமா இழுபடப் பண்ணிவிடுங்கோ.”

மகள் குதித்தாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

“அப்ப மீன் மணம்?”

“யன்னல் வீட்டோட வந்தது. சோபா நீங்கள் கொண்டுவந்தது. சோபாவை மாத்துங்கோ!”