மாமி 'மீன்' என்று சொன்ன நாள்

சட்டியில் கிடந்தது ஒரு பாரை. காலையில் கரைக்கு வந்தது, கண் இன்னும் மங்கவில்லை. என் கணவரின் தாயார், என் மாமி, குசினி வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல மீன்" என்றார். அவ்வளவுதான். வேறு யார் வீட்டிலாவது இதைச் சொல்லியிருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். குருநகரில், கடலை நம்பிச் சீவித்த அந்த வீட்டில், மீனை 'மீன்' என்று யாரும் சொன்னதில்லை. பாரை, சீலா, முரல், சூடை என்று பெயர் சொல்லித்தான் பழக்கம். மாமிக்கோ வாலை மட்டும் காட்டினால் போதும், எந்தக் கடலில் பட்டது என்றுகூடச் சொல்வார்.

இது எனக்கு எப்படி உறைத்தது என்றால், அந்த வீட்டில் நான் முதலில் வாங்கிய பட்டமே இதனால் வந்ததுதான். நான் உரும்பிராய் ஊரில் தோட்டம் செய்தவரின் மகள். கலியாணத்துக்காக ஞானஸ்நானம் பெற்று வந்தவள். வந்த கிழமை, சாப்பிட்டுவிட்டு "மீன் கறி நல்லாயிருக்கு மாமி" என்று நல்ல மனதோடு சொன்னேன். மாமி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். "எடி பெட்டை, மீனுக்குப் பேர் இல்லையே? உன்னை நான் மனிசர் எண்டு கூப்பிட்டால் நீ வருவியோ?" என்றார். அன்றிலிருந்து நான் உரும்பிராய்ப் பெட்டை. கோயிலிலும் அதுதான், செத்த வீட்டிலும் அதுதான். இரண்டு பிள்ளை பெற்று, கந்தோர் வேலையில் தலை நரைத்த பிறகும் அதேதான். பகிடி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். இருபத்திரண்டு வருடம் ஒரே பகிடியைக் கேட்டவளுக்குத்தான் அதன் உறைப்புத் தெரியும்.

எனக்கும் பழிவாங்க ஓர் இடம் இருந்தது. கீரை, குறிஞ்சா, வல்லாரை எல்லாம் மாமிக்கு 'இலை குழை'. கதலிக்கும் இதரைக்கும் வித்தியாசம் கேட்டால் "வாழைப்பழம் வாழைப்பழம்தானே" என்பார். என் தலைக்குள் தோட்டம் பாத்தி பாத்தியாகப் பிரிந்து கிடந்தது, கடல் ஒரே தண்ணீராக இருந்தது. அவருக்கு மறுவளம். ஒரே குசினியில் நின்ற இரண்டு பேருக்கு உலகம் இப்படி வெவ்வேறு இடங்களில் பிரிந்திருந்ததை நான் அப்போது யோசித்ததே இல்லை.

அந்த 'மீன்' என்ற சொல்லுக்குப் பிறகு மாமியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். அங்கே இளம் டொக்டர் ஒருவர் டப் திரையில் படங்களைக் காட்டினார். ஆட்டுக்கும் மாட்டுக்கும் மானுக்கும் மாமி "ஆடு" என்றார். சுறாவுக்கு "மீன்". திருக்கையைக் கண்டதும் முகத்தைச் சுளித்து, "உது மீனில்லை" என்றார். தட்டையாக இருப்பது மீனாக இருக்காது என்று முடிவு கட்டிவிட்டார். டொக்டர் எங்களுக்கு விளங்கும்படி சொன்னார்: "அம்மாவுக்கு மறந்தது சொல் மட்டுமில்லை. சாமான் என்னெண்ட அறிவே போகுது. நுனிக் கொப்புகள் முதல் போகும். பாரை போய் மீன் நிக்கும். பிறகு மீனும் போகும். அடிமரம்தான் கடைசி."

அப்படியேதான் நடந்தது, ஒழுங்கு தவறவில்லை. நான் அழுதிருக்கிறேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அழுததைவிட அதிகமாக வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள், கறிக்குப் புளி பிழிய வைத்திருந்த தேசிக்காயைக் கையில் வைத்து உருட்டி, "உதென்ன?" என்று கேட்டார். நான் சொல்லுமுன், "நேற்றும் உதைத்தான் நறுக்கித் தந்தனி. நீலச் சட்டை போட்டிருந்தனி" என்றார். நேற்று என்பது அப்படியே இருந்தது, தேசிக்காய் என்றால் என்ன என்பது போய்விட்டது! இரண்டும் ஒரே இடத்தில் கிடப்பதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். ஒரு மனிதத் தலைக்குள் யாரும் சொல்லிக்கொடுக்காமல் இத்தனை அறைகள் கட்டப்பட்டிருக்கின்றன என்பதை நினைத்து, அந்தத் தேசிக்காயை வாங்கி நானும் உருட்டிப் பார்த்தேன்.

பிறகு ஆட்களின் முறை வந்தது. என் கணவரின் பெயர் போனது. 'மகன்' என்பதும் போய் அவர் வெறும் "பெடியன்" ஆனார். பாண் விற்க வருகிறவரும் பெடியன்தான். பெண்கள் எல்லாரும் "மனிசி". அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. கேவலமான பயம் என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன். மாமியின் மனத்தில் நான் எந்தக் கொப்பில் இருந்தேன்? உரும்பிராய் என்ற கொப்பில்தான் என்றால், அது முறியும்போது நானும் யாரோ ஒரு மனிசியாக விழுந்துவிடுவேன். இத்தனை வருடமும் அந்த வீட்டு ஆளாக ஒருநாளாவது இருந்தேனா என்பது தெரியாமலே போய்விடும்.

போன மாதம் உரும்பிராயிலிருந்து அக்கா வந்தாள். நானும் அவளும் அச்சு அசல் ஒரே முகம். சந்தையில் ஆட்கள் மாறிக் கதைப்பதுண்டு. மாமிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, "எப்பிடி மாமி சுகம்?" என்றாள். மாமி அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் சீலையைப் பிடித்து இழுத்து, இரகசியம் போலக் கேட்டார்: "உவ ஆர்? எங்கடை இல்லையே." எங்கள் வீட்டு ஆள் இல்லை என்கிறார்.

"என்ரை அக்கா மாமி, உரும்பிராய்" என்றேன். உரும்பிராய் என்ற சொல் அவர் முகத்தில் ஓர் அசைவையும் உண்டாக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாகக் கேட்கப் பயந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அப்ப நான் ஆர், மாமி?"

விசர்க் கேள்வி கேட்டவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "நீ எங்கடை" என்றார். அதற்கு மேல் என்ன சொல்லைப் போடுவது என்று தேடினார். மருமகளும் வரவில்லை, பெட்டையும் வரவில்லை. உதடு இரண்டு மூன்று தரம் அசைந்து ஓய்ந்தது. "எங்கடை" என்றார் மறுபடியும்.

அக்கா வாசலில் செருப்பைக் கொழுவிக்கொண்டே, "மனிசி உதை முந்தியே சொல்லியிருக்கலாமெல்லே?" என்றாள். அவளுக்கு என் பொருட்டுக் கோபம். எனக்குக் கோபம் வரவில்லை. நேற்றைய சட்டை நிற்கும், ஆனால் யார் யாருடைய ஆள் என்பதைப் புதிதாகச் சேர்த்துவைக்க இயலாத தலை அது. அப்படியென்றால் என்னை அந்த 'எங்கடை'க்குள் வைத்தது எப்போது? அந்தப் பகிடியைச் சொல்லிச் சிரித்த வருடங்களில் ஏதோ ஒரு நாளில் வைத்திருக்கிறார். எந்த நாள் என்று கேட்க அவரிடம் இனி வழியில்லை.