கண்ணூறுக்குக் கட்டிய புதர்

வெள்ளவத்தையில் மழை பிடித்துக்கொள்ள, காலி வீதியில் முதலில் கிடைத்த கடை வாசலில் ஒதுங்குகிறேன். தலைக்கு மேலே சிவப்பு நூலில், மஞ்சளும் குங்குமமும் பூசிய கிழங்கு ஒன்று தொங்குகிறது. அதன் கொப்புகளில் சின்னச் சின்னக் குழல்களாய்ச் சிவப்புப் பூக்கள்.

"ஆகாசக் கருடன் கிழங்கு, தம்பி. கடைக்குக் கண்ணூறு படாமல் கட்டினனான்," என்கிறார் கடைக்கார அக்கா. "நுவரெலியாவில வாங்கினது."

ஆகாசக் கருடன் ஒரு கொடி. அது இப்படிப் பூக்காது. இது அகபெட்டீஸ், புளூபெரிக்குச் சொந்தம். மழைக்காட்டு மரக்கிளைகளில் தொற்றி வாழும் புதர். கிழங்கு மாதிரி பருத்திருக்கும் அடிப்பகுதியில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஆள் மாறிக் கட்டினாலும் அதற்குக் குறை ஒன்றுமில்லை. மண்ணைவிட அந்தரமே அதற்குச் சுகம்.

தாவரவியல் படித்தவனுக்கு வாய் சும்மா இருக்குமா? அவ்வளவையும் சொல்லி முடித்து, "இது கண்ணூறுக்கு உதவாது அக்கா," என்கிறேன்.

"ஏன் உதவாது? வந்ததில இருந்து அதைத்தானே பார்த்துக்கொண்டு நிக்கிறீங்கள். கடைப்பக்கம் ஒருக்காக்கூடத் திரும்பேல்லையே."

அப்போதுதான் திரும்புகிறேன். உள்ளே கூரை வரை சேலைகள்.